அவருக்குத் தெரியாதா என்ன?

கல்லூரியை முடித்த கையோடு ஒரு சின்ன அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சாங்கத்தைத் தலைக்குள்ளேயே வைத்திருந்த மனுஷர். முகூர்த்தம், ராகு காலம், எமகண்டம் எதைக் கேட்டாலும், திரும்பிக் காலண்டரைப் பார்க்காமலே சொல்வார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் சொன்னார். '11-ம் தேதி புதன்கிழமை' என்றார். எழுதிக்கொண்டேன். ப்ரூஃப் பார்க்கும்போது எதிர்ச் சுவரில் மாதக் காலண்டர் கண்ணில் பட்டது. 11-ம் தேதி செவ்வாய்க்கிழமை! செவ்வாயில் நம்ம ஊரில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டேன். அண்ணாச்சியாவது, தேதியில் தப்பு செய்வதாவது! 'அவருக்குத் தெரியாதா என்ன?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

500 பத்திரிகை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கட்டிக் கொடுத்தாயிற்று. மறுநாள் பெண்ணின் தாய்மாமன் வந்து வாசலில் நின்று கத்திய கத்து இருக்கிறதே... அதை அப்படியே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கம்போஸ் செய்தவருக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. மெஷின்மேனுக்கும் வந்திருக்கிறது. மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை. மூன்று பேருக்கும் காரணம் ஒன்றேதான்.

அன்றைக்கு அண்ணாச்சி என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் உங்களை ஒரு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கேயும் இதே வாக்கியம்தான் எல்லோர் மனதிலும் ஓடியது. ஆனால், அங்கே போனது 500 பத்திரிகை அல்ல. 358 உயிர்.

* * *

1893-ம் வருடம், ஜூன் 22-ம் தேதி. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடி. பிரிட்டிஷ் கடற்படை பெய்ரூட்டிலிருந்து புறப்பட்டு, வடக்கே திரிப்போலிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. லிபியாவில் இருக்கிற திரிப்போலி இல்லை. இன்றைய லெபனானில் அதே பெயரில் இருக்கும் ஊர். தெளிவான வானம். அலையில்லாத கடல். எதிரியும் கிடையாது, போரும் கிடையாது. வெறும் பயிற்சி.

படைக்குத் தலைவர் வைஸ் அட்மிரல் சர் ஜார்ஜ் ட்ரையன். வயது 61. ஆஜானுபாகு. முகம் நிறைய தாடி. 1848-ல், 16 வயதில் கடற்படையில் சேர்ந்தவர். கிரிமியா போரில் கப்பலை விட்டு இறங்கி, செவஸ்டபோல் முற்றுகையில் தரையில் நின்று சண்டை போட்டவர். பிரிட்டனின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பலான 'வாரியர்' 1861-ல் பணிக்கு வந்தபோது, அதில் கமாண்டராகப் போனவர். 1868-ல் அபிசீனியா மீது படையெடுத்தபோது, ஆட்களையும் யானைகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துவந்த நூற்றுக்கணக்கான கப்பல்களை ஒரு வறண்ட கடற்கரையில் ஒழுங்குபடுத்தி அனுப்பியவர் அவர்தான். அப்புறம் அட்மிரால்டி அலுவலகத்தில் செயலாளர், ஆஸ்திரேலியக் கடற்பிரிவின் தலைவர், 1891-லிருந்து மத்தியதரைக் கடற்படையின் தலைவர். 'இந்தத் தலைமுறையில் கப்பல் நடத்துவதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை' என்று எதிரிகூட ஒப்புக்கொள்ளும் பெயர்.

அன்று மதியம் இரண்டு மணி வாக்கில், ட்ரையன் தன் கப்பலின் கேப்டன் மாரிஸ் போர்க்கையும், வழிகாட்டும் அதிகாரியான ஹாக்கின்ஸ் ஸ்மித்தையும் கூப்பிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னார். கப்பல்கள் இரண்டு வரிசையாகப் போக வேண்டும். ஒன்றில் ஆறு, இன்னொன்றில் ஐந்து. ஒரு கட்டத்தில் இரண்டு வரிசையும் ஒன்றைப் பார்த்து ஒன்று உள்பக்கமாகத் திரும்பி, வந்த வழியிலேயே எதிர்த் திசையில் போக வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளி ஆறு கேபிள்.

கேபிள் என்பது கடல்காரர்களின் கணக்கு. ஒரு கேபிள், சுமாராக 200 கஜம். அப்படியானால் ஆறு கேபிள் 1,200 கஜம்.

இங்கேதான் நாலாம் கிளாஸ் கணக்கு ஒன்று வருகிறது. இந்த ராட்சசக் கப்பல்கள் நம் ஆட்டோ மாதிரி நின்ற இடத்தில் வளைந்து திரும்பாது. ஒரு கப்பல் வட்டமடித்துத் திரும்ப, ஏறத்தாழ 800 கஜம் இடம் வேண்டும். எதிரெதிராக இரண்டு கப்பல் திரும்ப வேண்டும் என்றால் 1,600 கஜம். அதுவும், உரசாமல் போவதற்கு மட்டும். இருப்பதோ 1,200.

ஹாக்கின்ஸ் ஸ்மித் சொல்லிப் பார்த்தார். "எட்டு கேபிளாவது வேண்டுமே, சார்?" ட்ரையன் "சரி, எட்டாகவே இருக்கட்டும்" என்றார். ஆனால், சிக்னல் கொடுக்கும் நேரம் வந்தபோது அவர் கொடுத்த உத்தரவு, ஆறு! தவறிச் சொல்கிறாரோ என்று மறுபடி கேட்டு ஆள் அனுப்பினார்கள். கேப்டன் போர்க்கும் ஞாபகப்படுத்தினார். 'ஆறாகவே இருக்கட்டும்' என்று பதில் வந்தது.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவர் ட்ரையன்! அவருக்குத் தெரியாதா என்ன?

* * *

இரண்டாவது வரிசையின் முதல் கப்பல் 'கேம்பர்டவுன்'. அதில் இருந்தவர் துணைத் தலைவர், ரியர் அட்மிரல் ஆல்பர்ட் ஹேஸ்டிங்ஸ் மார்க்கம்.

இவரைப் பற்றி இரண்டு தகவல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு. நியூஸிலாந்து ஆடும்போது நாலு சிவப்பு நட்சத்திரத்தோடு ஒரு நீலக் கொடியை ரசிகர்கள் ஆட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடியை 1869-ல் வடிவமைத்தவர் இந்த மார்க்கம்தான். அப்போது அவர் ஓர் இளம் லெப்டினன்ட். இரண்டாவது, அவருடைய தைரியம். 1876-ல், வட துருவத்தைத் தேடிப்போன பயணத்தில், பனிக்கட்டி மீது சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு 83 டிகிரி 20 நிமிடம் வடக்கு அட்சரேகை வரை போனவர். கூட வந்தவர்கள் ஸ்கர்வி நோயில் ஒவ்வொருவராகச் சாய்ந்துகொண்டிருக்க, அதுவரை எந்த மனிதனும் எட்டியிருக்காத வடக்கு எல்லை அது. ஆக, மார்க்கம் பயந்தாங்கொள்ளி இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மணி நெருங்குகிறது. ட்ரையனின் 'விக்டோரியா' கப்பலில் கொடிகள் ஏறுகின்றன. 'இரண்டு வரிசையும் உள்பக்கமாகத் திரும்பவும்.' மார்க்கம் பார்த்தார். நம்ப முடியவில்லை. 'இது நடக்காத காரியம்' என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் சிக்னல் புரிந்தது என்றால், பதில் கொடியைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்ற வேண்டும். புரியவில்லை என்றால் பாதியிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். மார்க்கம் பாதியில் நிறுத்தினார். 'எனக்குப் புரியவில்லை' என்று கையசைவுக் கொடி மூலம் ஒரு செய்தி அனுப்பும்படியும் உத்தரவிட்டார்.

அந்தச் செய்தி போவதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டது.

'எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?'

பதினோரு கப்பல்கள் பார்த்துக்கொண்டிருக்க, எல்லோருக்கும் தெரியும்படி கேட்ட கேள்வி. நம் ஆபீஸில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "என்ன சார், உங்களுக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மார்க்கமின் மூளை அவசர அவசரமாக ஒரு சமாதானத்தைத் தேடியது. 'அவர் நம்மைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போகப்போகிறார் போலிருக்கிறது. ஏதோ கணக்கு வைத்திருப்பார்.' பதில் கொடி உச்சிக்கு ஏறியது. இரண்டு கப்பல்களும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்ப ஆரம்பித்தன.

'விக்டோரியா'வின் மேல்தளத்தில், கேப்டன் போர்க் பார்த்துக்கொண்டே இருந்தார். 'கேம்பர்டவுன்' நெருங்குகிறது. 'இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டட்டுமா?' என்று அனுமதி கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். மூன்று முறை கேட்ட பிறகுதான் அனுமதி வந்தது. வந்த பிறகுதான் செய்தார். கப்பல் அவருடையது. இடிக்கப்போவதும் அவருடைய கண்ணுக்கு முன்னால்தான். ஆனாலும், அனுமதி!

'கேம்பர்டவுன்' கப்பலின் மூக்கில், எதிரிக் கப்பலைக் குத்திக் கிழிப்பதற்காகவே தண்ணீருக்கு அடியில் ஓர் இரும்புக் கொம்பு உண்டு. அது சொந்தத் தலைவரின் கப்பலில் சுமார் ஒன்பது அடி ஆழத்துக்கு இறங்கியது. பிற்பகல் வெயிலுக்காகக் கதவுகளும் சாளரங்களும் திறந்து கிடந்தன. தண்ணீர் புகுந்து ஓடியது. அதுவரையிலும்கூட, கப்பல் தப்பிவிடும் என்று ட்ரையன் நம்பினார். மற்றக் கப்பல்கள் உதவிக்குப் படகு இறக்கத் தயாரானபோது, 'வேண்டாம்' என்று சிக்னல் கொடுத்தார். பதின்மூன்றே நிமிடத்தில் 'விக்டோரியா' தலைகுப்புறக் கவிழ்ந்து மூழ்கியது.

மாலுமிகள் கடைசி நிமிடம் வரை தளத்தில் வரிசை கலையாமல் நின்றார்கள். உத்தரவு வரும்வரை ஒருவர்கூடக் குதிக்கவில்லை. அடித்தளத்தில் இன்ஜின் பக்கம் இருந்தவர்கள் தங்கள் இடத்தை விட்டு மேலே வரவே இல்லை. 357 பேர் பிழைத்தார்கள். 358 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ட்ரையன். மூழ்குவதற்கு முன்னால் பக்கத்தில் நின்றவர் காதில் விழும்படி அவர் சொன்னது: "எல்லாம் என் தப்பு."

* * *

இந்த இடத்தில் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். 'சரிதான். திமிர் பிடித்த ஓர் அதிகாரி, கேள்வி கேட்காத சிப்பந்திகள். அழிந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?'

இருக்கிறது. ட்ரையனைப் பற்றி நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில், 'என் அதிகாரிகள் சொந்தமாக யோசிக்க வேண்டும்' என்று மல்லுக்கட்டிய ஒரே பெரிய மனிதர் ட்ரையன்தான்!

அப்போது கப்பல்களை நடத்துவதற்கு ஒரு தடிமனான சிக்னல் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கொடி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பதில் கொடி. ட்ரையன் கேட்டார்: 'நிஜப் போரில் புகைமூட்டம் இருக்கும். கொடிக்கம்பம் உடைந்து விழும். சிக்னல் கொடுக்கிறவன் செத்துப்போயிருப்பான். அப்போது என்ன செய்வீர்கள்?' இதற்காக அவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். 'டி.ஏ.' என்று ஒரே ஒரு சிக்னல். அது ஏறிவிட்டால், இனி உத்தரவு வராது என்று அர்த்தம். தலைவர் கப்பல் என்ன செய்கிறது என்று கவனித்து, அவர் மனதில் என்ன இருக்கும் என்று யோசித்து, ஒவ்வொரு கேப்டனும் தானே முடிவு எடுக்க வேண்டும்.

அதனால்தான் பயிற்சி நேரத்தில் அவர் தன் திட்டத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. மற்ற விஷயங்களில் கேப்டன்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கிறவர், பயிற்சி என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார். எதிர்பாராத நிலைமையில் அவர்கள் மூளை வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு பயிற்சியும் அவர் போடும் ஒரு விடுகதை. முதலில் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். கடைசியில் அது அழகாக அவிழும்போது, 'அடடா, இதைத்தான் மனதில் வைத்திருந்தாரா!' என்று வியப்பார்கள்.

இப்போது புரிகிறதா, அன்று ஏன் யாரும் தடுக்கவில்லை என்று? அவர் முட்டாளாக இருந்திருந்தால், ஆறு கேபிள் என்றதுமே பத்துப் பேர் கத்தியிருப்பார்கள். அவர் மேதை. அதனால் 'இதுவும் ஒரு விடுகதை. கடைசியில் அவிழும்' என்று காத்திருந்தார்கள்.

யோசிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர்தான். ஆனால், அவருடைய வாய் 'யோசி' என்றது. அவருடைய முகம், குரல், உயரம், 'எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?' என்ற அந்த அதட்டல் எல்லாமாகச் சேர்ந்து 'கேட்காதே' என்றது. வாய் ஒன்று சொல்லி, முகம் வேறொன்று சொன்னால், கீழே இருக்கிறவர்கள் எப்போதும் முகத்தைத்தான் நம்புவார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் அப்படித்தான். "எதுவானாலும் அப்பாகிட்ட சொல்லுடா" என்கிறோம். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால், புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை. அவ்வளவுதான். அடுத்த பத்து வருஷத்துக்குப் பையன் வாயைத் திறக்க மாட்டான்.

* * *

விசாரணை நடக்காமல் இருக்குமா? அடுத்த மாதமே மால்ட்டாவில் கோர்ட் மார்ஷல் கூடியது. பிழைத்து வந்த கேப்டன் போர்க் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் மீது குற்றமில்லை என்று தீர்ப்பு. மோதலுக்குக் காரணம் ட்ரையனின் உத்தரவு. மார்க்கமைப் பற்றி நீதிமன்றம் சொன்னதுதான் சுவாரஸ்யம். 'சந்தேகத்தைக் கேட்க நினைத்தவர், கேட்காமல் விட்டது வருந்தத்தக்கது. ஆனால், நேரில் இருக்கும் தலைமைத் தளபதியின் உத்தரவை நிறைவேற்றியதற்காக அவரைக் குற்றம் சொன்னால், அது கடற்படையின் நலனுக்கே கேடாக முடியும்.' இந்த அர்த்தத்தில் எழுதி முடித்தார்கள். கேட்டிருக்கலாம், ஆனால், கேட்காதது தப்பில்லை!

அந்த நீதிபதிகளைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போர்க்கப்பல் என்பது கிராம பஞ்சாயத்து இல்லை. குண்டு விழும் நேரத்தில் "எனக்கு ஒரு டவுட்டு" என்று ஒவ்வொருவரும் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? ஆபரேஷன் தியேட்டரில், தீயணைப்பு வண்டியில், ஓடும் ரயிலில், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் இருப்பதால்தான் நாம் தினமும் உயிரோடு வீடு திரும்புகிறோம்.

'நெல்சனைப் பாருங்கள். அவர் கீழ்ப்படியவில்லையே!' என்பார்கள் சிலர். உண்மைதான். 1801-ல் கோபன்ஹேகன் சண்டையில், பின்வாங்கச் சொல்லித் தலைவரிடமிருந்து சிக்னல் வந்தது. நெல்சன் தன் பார்வையில்லாத கண்ணில் தொலைநோக்கியை வைத்து, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்து ஜெயித்தார் என்று கதை. அழகான கதை. ஆனால், அவர் ஜெயித்ததால் அது கதை. தோற்றிருந்தால் அதே தொலைநோக்கி அவருக்கு எதிரான சாட்சியாக கோர்ட் மார்ஷலில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லோரும் நெல்சன் ஆகிவிட முடியாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

ஏனென்றால், கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதற்கும், மீறுவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. கேட்பது. 'ஐயா, எனக்கு இப்படிப் படுகிறது. சரிதானா?' என்று ஒரே ஒரு தடவை, சத்தமாக, தெளிவாகக் கேட்பது. மார்க்கமுக்கு அதற்கு நேரம் இருந்தது. கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. செய்தி தயாராக இருந்தது. அதை மட்டும் அனுப்பியிருந்தால் போதும்.

ராமாயணத்தில் கும்பகர்ணனை நமக்கு ஏன் பிடிக்கிறது? தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியதும், 'நீ செய்தது தப்பு. அவளை விட்டுவிடு' என்று அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொன்னான். அண்ணன் கேட்கவில்லை. அப்புறம்தான் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனான். அவன் போனது சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால், சொல்லாமல் போனான் என்று யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. வள்ளுவரும் இதற்காகவே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். தப்பைக் கண்டால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னனுக்கு எதிரியே தேவையில்லை, தானாகவே கெட்டுப்போவான் என்பது அதில் அவர் தரும் எச்சரிக்கை. 'விக்டோரியா' மூழ்கியபோது அந்தக் கடலில் ஓர் எதிரிக் கப்பல்கூட இல்லை.

* * *

உயிருக்குப் பயப்படாமல் பனிப்பாலைவனத்தில் நடந்த மார்க்கமால், ஒரு கேள்வியை ஏன் அனுப்ப முடியவில்லை?

எனக்குத் தோன்றுவது இது. தைரியத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, உயிர்ப் பயத்தை ஜெயிக்கிற தைரியம். இன்னொன்று, வெட்கத்தை ஜெயிக்கிற தைரியம். முதலாவது நிறையப் பேரிடம் இருக்கிறது. இரண்டாவதுதான் அபூர்வம். 'நாலு பேர் முன்னால் முட்டாளாகத் தெரிந்துவிடுவோமோ' என்ற அந்த ஒரு நொடிக் கூச்சம் இருக்கிறதே, அது பனியைவிடக் குளிர். ஒரு நாட்டுக்கே கொடி வரைந்து கொடுத்தவரின் கை, அன்று ஒரு கொடியை அரைக் கம்பத்திலேயே இன்னும் இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கத் தெம்பில்லாமல் போயிற்று.

அந்த வெட்கத்தை மறைக்க நாம் கண்டுபிடித்த அழகான போர்வைதான், 'அவருக்குத் தெரியாதா என்ன?' என்ற வாக்கியம். கேட்பதற்கு மரியாதை மாதிரி இருக்கும். பணிவு மாதிரி இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டே விஷயம். ஒன்று பயம். இல்லையென்றால் சோம்பேறித்தனம். 'அவருக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டால், நாம் யோசிக்க வேண்டாம். தப்பானாலும் நம் தலை உருளாது.

உருளாதா?

ட்ரையன் பெரிய மனிதர். 'எல்லாம் என் தப்பு' என்று சொல்லிவிட்டு மூழ்கிப்போனார். கோர்ட்டும் முழுப் பழியையும் அவர் கணக்கில் எழுதியது. அப்படியானால் மற்றவர்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லையா? பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்து இல்லை. ஒருவர் முழுசாக எடுத்துக்கொண்டதால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகிவிடாது. அந்த மேல்தளத்தில் கணக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒரு பொறுப்பு இருந்தது. யாரும் தண்டிக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது. மார்க்கம் 1918 வரை உயிரோடு இருந்தார். அந்தப் பாதிக் கம்பம் அவர் கனவில் எத்தனை தடவை வந்ததோ!

* * *

கதை இதோடு முடியவில்லை.

'விக்டோரியா'வில் காய்ச்சலோடு படுத்துக்கிடந்த ஓர் அதிகாரி, மோதல் சத்தம் கேட்டு எழுந்து வந்து, தண்ணீரில் விழுந்து, ஓர் இளம் மாலுமி தாங்கிப் பிடிக்கப் பிழைத்தார். பெயர் ஜான் ஜெல்லிகோ. 23 வருடம் கழித்து, முதல் உலகப் போரில் பிரிட்டனின் மாபெரும் கடற்படைக்கு அவர்தான் தலைவர்.

நடுவில் ஒன்று நடந்திருந்தது. ட்ரையனோடு சேர்த்து அவருடைய 'டி.ஏ.' முறையையும் கடலில் போட்டுவிட்டார்கள். சொந்தமாக யோசிக்கச் சொன்னவர்தானே கப்பலைக் கவிழ்த்தார் என்று காரணம்! எப்படி இருக்கிறது பாருங்கள். யாரும் யோசிக்காததால் நடந்த விபத்திலிருந்து, 'இனி யாரும் யோசிக்க வேண்டாம்' என்று ஒரு பாடம்! பழைய சிக்னல் புத்தகம் மறுபடி சிம்மாசனம் ஏறியது.

1916, மே 31. ஜட்லண்ட் கடற்போர். இரவில் ஜெர்மன் கப்பல்கள், பிரிட்டிஷ் வரிசைக்குப் பின்பக்கமாக நழுவி ஊர் போய்ச் சேரப் பார்க்கின்றன. பின்வரிசையில் இருந்த சில பிரிட்டிஷ் கப்பல்கள் அவற்றைக் கண்ணால் பார்த்தன. பீரங்கி வெளிச்சத்தில் அடையாளம்கூடத் தெரிந்தது. ஆனால், ஜெல்லிகோவுக்குத் தகவல் அனுப்பவில்லை. நாம் பார்ப்பதை முன்னால் போகிற பெரிய கப்பலும் பார்த்திருக்குமே! தளபதிக்குத் தெரியாதா என்ன? விடிந்தபோது எதிரி போயே போய்விட்டான். அந்தப் போரில் பிரிட்டன் இழந்தது 14 கப்பல்கள், ஆறாயிரத்துக்கு மேல் உயிர்கள்.

இன்னும் கிட்டத்தில் வரட்டுமா? 1977, மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். கேஎல்எம் விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் மற்ற பைலட்டுகளுக்கே பயிற்சி கொடுக்கிற பெரிய ஆள். விளம்பரங்களில் அவர் படம்தான் வரும். ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கத் தொடங்கியபோது பின் ஸீட்டில் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயர், 'அந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ?' என்று மெல்லக் கேட்டார். 'விலகிவிட்டது' என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில். இன்ஜினீயர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த சில விநாடிகளில் இரண்டு ஜம்போ விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய விபத்து அது.

அதற்குப் பிறகு விமானக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சிறியவர்கள் கேள்வி கேட்பதை 'அனுமதி'யாக வைக்காமல், 'கடமை'யாக்கினார்கள். துணை பைலட்டுக்குச் சந்தேகம் வந்தால் கேட்டே ஆக வேண்டும், திருப்தியாகும்வரை விடக் கூடாது என்று பயிற்சி கொடுத்தார்கள். முக்கியமாக, கேப்டன்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எதற்கு? கேள்வி வந்தால் முகம் சுளிக்காமல் இருப்பதற்கு!

அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சின்னவர்களிடம் 'தைரியமாகக் கேள்' என்று உபதேசம் செய்வது சுலபம். அவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, பிரமோஷன் இருக்கிறது, வீட்டில் குழந்தை குட்டி இருக்கிறது. பாரத்தை முதலில் தூக்க வேண்டியவர் மேலே இருக்கிறவர்தான். நீங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு கெட்டிக்காரரோ, அவ்வளவுக்கு அவ்வளவு உங்கள் தப்பை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் புகழே உங்கள் காதை அடைத்துவிடும். அதனால், கெட்டிக்காரர்கள் கேள்வியை வெறுமனே அனுமதித்தால் போதாது. கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும்.

2004-ல் ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் 'விக்டோரியா'வைக் கண்டுபிடித்தார்கள். 140 மீட்டர் ஆழத்தில், மூக்கு சேற்றில் புதைந்து, பின்பக்கம் வானத்தைப் பார்க்க, அந்தக் கப்பல் இன்னும் நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருக்கிறதாம். அந்தக் கடைசி உத்தரவில் ட்ரையன் மனதில் என்னதான் இருந்தது? கணக்குப் பிசகா? வேறு ஏதாவது விடுகதையா? அதுவும் அதோடு அங்கேயே இருக்கிறது. ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

* * *

அண்ணாச்சிக்கு வருகிறேன்.

அன்று தாய்மாமனைக் காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தி, புதுசாக 500 பத்திரிகை தன் செலவிலேயே அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ல, ப்ரூஃப் பாக்கும்போது ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது அண்ணாச்சி."

"பெறவு ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... உங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியாததைச் சொல்லத்தாம்ல ஒனக்குச் சம்பளம். தெரிஞ்சதைச் சொல்ல எதுக்கு ஓர் ஆளு?" என்றார். திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஆனால், அண்ணாச்சி பெரிய மனிதர் என்று எனக்குத் தெரிந்தது அதனால் இல்லை. அடுத்த நாளிலிருந்து அவர் செய்த ஒரு சின்ன மாற்றத்தால். அதுவரை ப்ரூஃபைக் கையில் கொடுக்கும்போது, "சரியா இருக்கா பாரு" என்பார். நாங்களும் "சரியா இருக்கு அண்ணாச்சி" என்போம். அன்றிலிருந்து அவர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது.

"இதுல நான் எங்க தப்பு பண்ணியிருக்கேன், சொல்லு."

அப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? தேடித்தானே ஆக வேண்டும்! தேடினோம். நிறையக் கிடைத்தது.

நீங்கள் ஆபீஸிலோ, கடையிலோ, வீட்டிலோ நாலு பேருக்கு மேலே இருக்கிறவராக இருந்தால், நாளைக் காலையில் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் சிரித்து மழுப்புவார்கள். இரண்டாம் நாளும் கேளுங்கள். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வாயைத் திறப்பார். அந்த நொடியில் உங்கள் முகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே அந்த முகத்தில்தான் இருக்கிறது.